மொழியே எழுதித் தரும் பக்கத்தில் ஓட்டை: பைத்தான் 3.7.4-ஐ வைத்து ஒரு கைப்பயிற்சி

எக்ஸ்எஸ்எஸ் எனப்படும் கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங் பற்றிப் படிக்க ஆரம்பித்தவர்களுக்கு முதலில் கிடைக்கும் உதாரணம் பெரும்பாலும் தேடல் பெட்டிதான். பெட்டியில் ஸ்கிரிப்ட் டேகைத் தட்டுகிறோம். தளம் அதை எஸ்கேப் செய்யாமல், அதாவது கோண அடைப்பு போன்ற குறிகளை டேகாகப் படிக்க முடியாத மாற்று எழுத்துகளாக ஆக்காமல், அப்படியே பக்கத்தில் ஒட்டுகிறது. பார்ப்பவரின் உலாவியில் அது ஓடிவிடுகிறது. தவறு தளத்தை எழுதியவர்மேல். சரி, அவர் எச்டிஎம்எல் ஒரு வரிகூட எழுதவில்லை, பக்கத்தை மொழியின் நிலையான நூலகமே உருவாக்கித் தருகிறது என்றால் யாரைச் சொல்வது?

அப்படிப்பட்ட பக்கங்கள் நிறைய இருக்கின்றன. ரூபியோடு வந்துகொண்டிருந்த வெப்ரிக் சர்வரின் பிழைப் பக்கம், பைத்தானின் கோப்புறைப் பட்டியல், பிஎச்பியின் பிஎச்பிஇன்ஃபோ. மூன்றிலும் வெவ்வேறு காலங்களில் எக்ஸ்எஸ்எஸ் பதிவாகியிருக்கிறது. நீங்கள் எழுதாத பக்கம் என்பதால் உங்கள் கோட் ரிவியூவில் இவை கண்ணில் படுவதில்லை.

இந்தப் பயிற்சிக்கு நான் எடுத்துக்கொள்வது வேறொன்று: சிவிஇ-2019-16935 (சிவிஇ என்பது பொதுவில் பதிவான ஓட்டைகளுக்குத் தரும் அடையாள எண்). பைத்தானின் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி ஆவண சர்வரில் இருந்த ஓட்டை. ஆபத்தின் அளவில் இது பெரிய மீன் இல்லை. ஆனாலும் புதியவர்களுக்கு இதையே கொடுப்பேன். அரை மணி நேரத்தில் சொந்தக் கணினியில் உருவாக்கிப் பார்க்கலாம், மூலநிரலில் பார்க்க வேண்டியது சில வரிகள்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் முயற்சி தோற்றுப்போகும். அந்தத் தோல்வியில்தான் பாடம் இருக்கிறது.

எழுத்து பற்றி ஒரு வார்த்தை: நிரல் பெயர்களை இங்கே தமிழ் எழுத்திலேயே சொல்கிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். வெட்டி ஒட்ட முடியாதுதான். ஒட்டிப் பழகியவர்களுக்கு எந்த வரி எதைச் செய்தது என்று கடைசிவரை தெரிவதில்லை, அதனால் இதில் எனக்கு வருத்தமும் இல்லை.

படி 1: பழைய பைத்தானைத் தனியறையில் வையுங்கள்

ஓட்டை இருந்த பதிப்புகள்: 2.7 வரிசையில் 2.7.16 வரை, 3.6-ல் 3.6.9 வரை, 3.7-ல் 3.7.4 வரை. நமக்கு 3.7.4 போதும். கணினியில் ஏற்கெனவே இருக்கும் பைத்தானைத் தொடாதீர்கள். லினக்ஸில் இயங்குதளமே அதை நம்பி ஓடுகிறது. டாக்கர் (நிரலைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) இருந்தால் அதன் அதிகாரபூர்வ பைத்தான் இமேஜில் 3.7.4-ஸ்லிம் என்ற டேகை இழுத்துக்கொள்ளுங்கள். பைஎன்வ் (பல பைத்தான் பதிப்புகளை ஒரே கணினியில் வைத்துக்கொள்ள உதவும் கருவி) பழக்கமானவர்கள் அதிலேயே நிறுவலாம்.

டாக்கரில் எல்லோரும் ஒருமுறை தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சர்வரை லோக்கல்ஹோஸ்டில் கேட்கச் சொன்னால் அது கன்டெய்னருக்குள் இருக்கும் லோக்கல்ஹோஸ்ட். வெளியே இருக்கும் உங்கள் உலாவியால் அதைத் தொட முடியாது. நிரலுக்குள் 0.0.0.0 என்று கொடுங்கள். கன்டெய்னரைத் தொடங்கும்போது போர்ட்டை 127.0.0.1:8000:8000 என்று திறந்துவிடுங்கள். முன்னால் இருக்கும் 127.0.0.1-ஐ விட்டுவிட்டால் அதே வைஃபையில் இருக்கும் எவரும் உங்கள் ஓட்டை சர்வரை எட்டிப் பார்க்கலாம். வேலை முடிந்ததும் கன்டெய்னர் தானாக அழிய ஆர்எம் விருப்பத்தையும் சேர்த்துவிடுங்கள்.

இந்தப் பயிற்சி உங்கள் கணினியின் எல்லையோடு நிற்கட்டும். அடுத்தவர் சர்வரில் அனுமதியில்லாமல் இதைச் செய்தால், "கற்றுக்கொள்ளத்தான் செய்தேன்" என்பது எந்த நாட்டிலும் பதிலாக எடுபடாது.

படி 2: பத்து வரி சர்வர்

எக்ஸ்எம்எல்-ஆர்பிசி என்பது வேறொரு கணினியில் இருக்கும் ஃபங்ஷனை எச்டிடிபி வழியே அழைக்கும் பழைய முறை. பைத்தானில் அதற்கான சர்வர் எக்ஸ்எம்எல்ஆர்பிசி தொகுப்புக்குள் சர்வர் என்ற மாடியூலில் இருக்கிறது. அதிலேயே டாக்எக்ஸ்எம்எல்ஆர்பிசிசர்வர் என்று ஒரு வகுப்பு. சாதாரண சர்வர் செய்வதையெல்லாம் இதுவும் செய்யும். கூடவே, உலாவியில் அதன் முகவரியைத் திறந்தால் என்னென்ன ஃபங்ஷன்கள் இருக்கின்றன என்று அழகாக ஒரு ஆவணப் பக்கத்தையும் காட்டும். 2003-ல் வந்த பைத்தான் 2.3 காலத்திலிருந்தே இந்த வசதி இருக்கிறது. சிவிஇ எண் கிடைத்தது 2019-ல். இடையில் எத்தனை பேர் இந்தக் கோப்பைத் திறந்து படித்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த வகுப்பை இறக்குமதி செய்து, முகவரியும் போர்ட் 8000-மும் கொடுத்து ஒரு பொருளை உருவாக்குங்கள். இரண்டு எண்களைக் கூட்டித் தரும் ஒரு சின்ன ஃபங்ஷனை அதில் பதிவு செய்யுங்கள். பிறகு செட், சர்வர், டைட்டில் என்ற மூன்று சொற்களை அடிக்கோட்டால் இணைத்த மெத்தடை அழைத்து "என் சர்வர்" என்று தலைப்பு கொடுங்கள். கடைசியாக சர்வ் ஃபாரெவர். உலாவியில் திறந்தால் நீலப் பட்டையோடு பைத்தானின் பழைய பாணி ஆவணப் பக்கம் வரும்; தாவலில் பைத்தான் என்ற பெயரும் முக்காற்புள்ளியும் போட்டு உங்கள் தலைப்பு இருக்கும்.

டெர்மினலில் 404 என்று ஒரு வரி ஓடினால் பயப்பட வேண்டாம். உலாவி தாவலுக்குப் படம் கேட்டு ஃபேவ்ஐகானைத் தேடுகிறது, இந்த சர்வரிடம் அது இல்லை. அவ்வளவுதான்.

படி 3: தோற்றுப்போகும் முயற்சி

இப்போது தலைப்பை மாற்றுங்கள். பாடப்புத்தக முறைப்படி:

<ஸ்கிரிப்ட்>அலர்ட்(1)</ஸ்கிரிப்ட்>

சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டி, பக்கத்தைப் புதுப்பியுங்கள். ஒன்றும் நடக்காது. பெட்டி எதுவும் எழும்பாது. தாவலைப் பார்த்தால் நீங்கள் தட்டிய டேக், கோண அடைப்புகளோடு, எழுத்தாகவே தெரியும்.

புதியவர்களில் பலர் இந்த இடத்தில் "எஸ்கேப் ஆகிவிட்டது, ஓட்டை இல்லை" என்று எழுதி வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நகராதீர்கள். பக்கத்தின் மூலத்தைத் திறங்கள். உலாவியின் இன்ஸ்பெக்டர் வேண்டாம், மூலத்தைக் காட்டும் வசதிதான் வேண்டும். இன்ஸ்பெக்டர் காட்டுவது உலாவி படித்துப் புரிந்துகொண்ட மரத்தை. மூலம் காட்டுவது சர்வர் அனுப்பிய எழுத்தை. இரண்டுக்கும் இடையில்தான் எக்ஸ்எஸ்எஸ் குடியிருக்கிறது.

மூலத்தில் கோண அடைப்புகள் எந்த மாற்றமும் இல்லாமல் அப்படியே இருப்பதைப் பார்ப்பீர்கள். சர்வர் எதையும் எஸ்கேப் செய்யவில்லை. பிறகு ஏன் ஓடவில்லை?

உங்கள் எழுத்து போய் விழுந்த இடம் டைட்டில் டேகின் உள்ளே. எச்டிஎம்எல் விதிப்படி டைட்டிலுக்குள் வேறு டேகுகள் கிடையாது. அதற்குள் நுழைந்ததும் உலாவி வேறு மனநிலைக்குப் போய்விடுகிறது: என்ன வந்தாலும் வெறும் எழுத்து. கோண அடைப்பைப் பார்த்தாலும் கண்டுகொள்ளாது. டெக்ஸ்ட்ஏரியாவும் இதே ரகம். டேகுகளில் ஒன்றே ஒன்றுக்குத்தான் இரண்டும் அசையும்: தன்னை மூடும் டேக்.

ஆகவே இங்கே உங்களைத் தடுத்தது பைத்தான் போட்ட பூட்டு இல்லை, தற்செயலாக எதிரே நின்ற சுவர். சுவரில் கதவு எங்கே என்றும் இப்போது தெரிந்துவிட்டது.

படி 4: டைட்டிலை மூடிவிட்டு வாருங்கள்

</டைட்டில்><ஸ்கிரிப்ட்>அலர்ட்(1)</ஸ்கிரிப்ட்>

புதுப்பித்தால் பெட்டி எழும்பும். தாவலில் பைத்தான் என்ற சொல்லும் முக்காற்புள்ளியும் மட்டும் மிஞ்சியிருக்கும், ஏனென்றால் தலைப்பு அங்கேயே முடிந்துவிட்டது. பைத்தான் தன் பங்குக்கு எழுதிய அசல் மூடும் டேக் அநாதையாகக் கீழே கிடக்கும். உலாவி அதைச் சத்தமில்லாமல் தள்ளிவிடும்.

தலைப்பைப் பழையபடி "என் சர்வர்" என்று ஆக்கிவிட்டு, இதே சரத்தை இன்னும் இரண்டு இடங்களில் கொடுத்துப் பாருங்கள்: சர்வர் நேம், சர்வர் டாக்குமென்டேஷன். இரண்டுக்கும் தனித்தனி செட் மெத்தட்கள் உண்டு. இரண்டிலும் பெட்டி எழும்பாது. மூலத்தைத் திறந்தால் இந்த முறை கோண அடைப்புகள் உண்மையாகவே மாற்று எழுத்துகளாக மாறியிருக்கும். ஒரே வகுப்பு, ஒரே பக்கம், மூன்று சரங்கள். இரண்டை எஸ்கேப் செய்தவர் மூன்றாவதை ஏன் விட்டார்?

படி 5: மூலநிரலுக்குள்

இதற்குப் பதில் கோப்பில் இருக்கிறது. டாக்கர் இமேஜில் பைத்தானின் நூலகம் யுஎஸ்ஆர், லோக்கல், லிப், பைத்தான்3.7 என்ற பாதையில் இருக்கும். ஸ்லிம் இமேஜில் நானோகூட இருக்காது. அதனால் டாக்கரின் சிபி கட்டளையால் எக்ஸ்எம்எல்ஆர்பிசி கோப்புறையில் உள்ள சர்வர் கோப்பையும், பைடாக் கோப்பையும் வெளியே எடுத்து உங்கள் எடிட்டரில் திறந்துகொள்ளுங்கள்.

சர்வர் கோப்பில் டாக்சர்வர் என்ற மெத்தடைத் தேடுங்கள். சர்வர் நேம் உள்ளே வந்ததும் முதல் வேலையாக எஸ்கேப் வழியாகப் போகிறது. டாக்குமென்டேஷனோ, மார்க்கப் என்ற மெத்தட் வழியாகப் போகிறது. அதுவும் எஸ்கேப் செய்துகொள்ளும். இப்போது ஜெனரேட் எச்டிஎம்எல் டாக்குமென்டேஷன் என்ற மெத்தடுக்கு வாருங்கள். அதன் கடைசி வரி, தலைப்பையும் தயாரான உள்ளடக்கத்தையும் பேஜ் என்ற மெத்தடிடம் ஒப்படைக்கிறது. தலைப்பு வழியில் எங்கும் நிற்கவில்லை.

பேஜ் மெத்தட் இந்தக் கோப்பிலேயே இல்லை. பைடாக் கோப்பில், எச்டிஎம்எல்டாக் வகுப்பில் இருக்கிறது. ஆவண சர்வரின் வகுப்பு அதிலிருந்து மரபாகப் பெற்றுக்கொள்கிறது. அங்கே போய்ப் பார்த்தால் ஒரு நீண்ட சரம், நடுவில் சதவீதக் குறி போட்டு டைட்டிலுக்கு இடம்.

என் ஊகம் இது. பைடாக் என்பது பைத்தான் மாடியூல்களுக்கு ஆவணம் காட்டும் கருவி. அதில் தலைப்பாக வருவது மாடியூலின் பெயர். அதில் கோண அடைப்பு வர வழியில்லை. பேஜை எழுதியவர் அந்த உலகத்தில் இருந்து எழுதினார், அவருக்கு அது சரிதான். பிறகு ஆவண சர்வர் அதே மெத்தடை எடுத்து, யார் வேண்டுமானாலும் நிரப்பக்கூடிய தலைப்பை அதற்குள் அனுப்பியது. இருவர் எழுதியதும் தனித்தனியே பார்த்தால் குறை சொல்ல முடியாது. தைத்த இடத்தில்தான் பிரிந்திருக்கிறது. நீங்கள் இனி எந்த நூலகத்தில் ஓட்டை தேடினாலும், ஒரு கோப்பு இன்னொரு கோப்பின் ஃபங்ஷனை வேறு நோக்கத்துக்குக் கடன் வாங்கும் இடத்தை முதலில் பாருங்கள்.

படி 6: திருத்தம், எந்த இடத்தில்?

எச்டிஎம்எல் மாடியூலின் எஸ்கேப் ஃபங்ஷன் வழியாகத் தலைப்பை அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். அந்த ஃபங்ஷன் ஆம்பர்சாண்டு, இரண்டு கோண அடைப்புகள், இரட்டை மேற்கோள், ஒற்றை மேற்கோள் ஆகிய ஐந்தையும் மாற்றும். ஆம்பர்சாண்டைத்தான் முதலில் மாற்ற வேண்டும். கடைசியில் மாற்றினால் நாமே இப்போதுதான் உருவாக்கிய மாற்று எழுத்துகளின் ஆம்பர்சாண்டும் மறுபடி மாறிவிடும். பழைய பாடங்களில் சிஜிஐ (வலை சர்வர் வெளி நிரலை ஓட்டிப் பதில் வாங்கும் பழைய முறை) மாடியூலின் எஸ்கேப்பைச் சொல்லியிருப்பார்கள். அது தானாக மேற்கோள்களைத் தொடாது, 3.8-ல் அதை நீக்கியே விட்டார்கள்.

எங்கே போடுவது என்பதுதான் யோசிக்க வேண்டியது. பலருக்குக் கை தானாகப் போகும் இடம் செட் மெத்தட்: உள்ளே வரும்போதே சுத்தம் செய்துவிடலாமே! பைத்தான் குழு அப்படிச் செய்யவில்லை. தலைப்பை வந்தபடியே வைத்துக்கொண்டு, பேஜிடம் ஒப்படைக்கும் அந்தக் கடைசி வரியில் மட்டும் எஸ்கேப் செய்தார்கள். அவர்கள் சேர்த்த சோதனையும், செட் செய்த பிறகு பொருளிடம் தலைப்பைத் திரும்பக் கேட்டால் அசல் எழுத்தே வருகிறதா என்று பார்க்கிறது.

காரணம் இருக்கிறது. அதே தலைப்பு நாளை ஒரு லாக் கோப்புக்கோ மின்னஞ்சலுக்கோ போகலாம். அங்கே எச்டிஎம்எல் மாற்று எழுத்துகள் குப்பை. அதோடு, உள்ளே வரும்போது ஒருவர், வெளியே போகும்போது இன்னொருவர் என்று இருவரும் எஸ்கேப் செய்தால் திரையில் ஆம்பர்சாண்டு வாலாகத் தொங்கும். எதற்குள் போகப்போகிறது என்று தெரிந்த இடத்தில்தான் எப்படிப் பொதிவது என்றும் தெரியும்.

வெளியே எடுத்த கோப்பில் மேலே எச்டிஎம்எல் மாடியூலை இறக்குமதி செய்து, அந்த ஒரு வரியை மாற்றி, கன்டெய்னருக்குள் திருப்பி வைத்து, படி 4-ல் தட்டிய தலைப்போடு சர்வரை ஓட்டுங்கள். இப்போது தாவலில் நீங்கள் தட்டிய முழுச் சரமும், டைட்டிலை மூடும் டேக் உட்பட, அசையாமல் எழுத்தாக நிற்கும். படி 3-ல் தாவல் கிட்டத்தட்ட இப்படித்தான் தெரிந்தது. மூலத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்த இரண்டும் அடியில் எவ்வளவு வேறு என்று அங்கே தெரியும்.

படி 7: சர்வர் இல்லாமலே சோதனை

ஒவ்வொரு முறையும் போர்ட் திறந்து உலாவியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதே கோப்பில் டாக்சிஜிஐ என்று தொடங்கும் ஒரு வகுப்பு உண்டு. ஆவணம் தயாரிக்கும் அதே தாயிடமிருந்து மரபு வாங்கியது, ஆனால் போர்ட் கேட்காது. அதில் ஒரு பொருளை உருவாக்கி, தலைப்பை செட் செய்து, ஜெனரேட் எச்டிஎம்எல் டாக்குமென்டேஷனை அழைத்தால் முழுப் பக்கமும் சரமாகக் கையில் வரும். அதில் ஸ்கிரிப்டைத் திறக்கும் டேக் இருக்கிறதா என்று ஒரே நிபந்தனை. நான்கு வரி வேலை.

இந்த நான்கு வரிக்கு வேறொரு பயனும் உண்டு. திருத்தம் 3.6.10, 3.7.5, 3.8.0, 2.7.17 ஆகிய பதிப்புகளில் வந்தது என்று படித்துவிட்டு, அலுவலக சர்வரில் 3.6.9 என்று பார்த்ததும் அலறாதீர்கள். உபுண்டு 18.04 போன்றவை பைத்தான் 3.6 வரிசையில் இருந்துகொண்டே பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பின்னோக்கி எடுத்துச் சேர்த்துக்கொள்ளும். எண் பழையதாகத் தெரியும், உள்ளே ஓட்டை அடைபட்டிருக்கும். பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துப் பட்டியல் போடும் ஸ்கேனர்கள் இங்கே அடிக்கடி ஏமாறும். ஓட்டிப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்தது.

படி 8: எவ்வளவு பெரிய ஓட்டை என்று நேர்மையாகச் சொல்லுங்கள்

அமெரிக்காவின் தேசிய ஓட்டைத் தரவுத்தளம் இதற்கு 10-க்கு 6.1 கொடுத்தது. நடைமுறையில் இன்னும் குறைவு என்பது என் கணக்கு. தலைப்பை நிரலரே கைப்பட எழுதினால் ஆபத்தே இல்லை; வெளியாள் தரும் எழுத்து அந்த செட் மெத்தடை எட்டினால்தான் வம்பு. வாடிக்கையாளர் தன் கருவிக்கு வைத்த பெயரைத் தலைப்பில் காட்டுவது, யாரும் திருத்தக்கூடிய அமைப்புக் கோப்பிலிருந்து தலைப்பை எடுப்பது, இப்படி ஏதாவது நடந்திருக்க வேண்டும். அறிக்கை எழுதும்போது இந்த நிபந்தனையை முதல் வரியிலேயே வையுங்கள். "பைத்தானில் எக்ஸ்எஸ்எஸ்!" என்று கூவினால் படிக்கிறவர் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். அடுத்த முறை உங்கள் பெயரைப் பார்த்தாலே மூடிவிடுவார்.

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் பொதுவில் போடும் முன் மொழியின் பாதுகாப்புக் குழுவுக்குத் தனியாக எழுதுங்கள். பைத்தான், ரூபி, கோ எல்லாவற்றுக்கும் அதற்கென்று முகவரி உண்டு.

அடுத்து எங்கே கை வைப்பது?

எஸ்கேப் ஃபங்ஷன் ஒன்று தெரிந்தால் போதும் என்ற நினைப்பு வந்திருந்தால், ரூபியின் ஆர்டாக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சிவிஇ-2013-0256. ஆர்டாக் தயாரிக்கும் ஆவணப் பக்கங்களில் டார்க்ஃபிஷ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு இருக்கும். முகவரியில் ஹேஷ் குறிக்குப் பின்னால் வரும் எழுத்தை எடுத்து, அதை ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் செலக்டர் (பக்கத்தில் எதைத் தேடுவது என்று சொல்லும்) சரத்துக்குள் ஒட்டித் தேடியது அது. அன்றைய ஜேக்வெரியோ, சரத்தின் நடுவில் டேக் தெரிந்தால்கூட "ஓ, எச்டிஎம்எல் உருவாக்கச் சொல்கிறார்கள்" என்று எடுத்துக்கொள்ளும். ஹேஷுக்குப் பின்னால் இருப்பது சர்வருக்கு வருவதே இல்லை. சர்வரில் எத்தனை எஸ்கேப் போட்டாலும் பயனில்லை. திருத்தம் என்ன தெரியுமா? சரத்தை ஒட்டுவதையே விட்டுவிட்டு, பெயர் உள்ள இணைப்புகளையெல்லாம் எடுத்து ஒவ்வொன்றின் பெயரையும் சாதாரணமாக ஒப்பிட்டார்கள்.

அதில் இன்னொரு கொக்கியும் உண்டு. ரூபியைப் புதுப்பித்தால் மட்டும் ஓட்டை போகாது. ஏற்கெனவே தயாரித்து சர்வரில் ஏற்றி வைத்த ஆவணப் பக்கங்களோடு பழைய டார்க்ஃபிஷும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். மறுபடி தயாரித்து ஏற்ற வேண்டும்.

கோ மொழியில் இரண்டு பாருங்கள். சிவிஇ-2020-24553-ல் டேகை யாரும் தவறாக ஒட்டவில்லை. சிஜிஐ வழியாகப் பதில் அனுப்பும்போது நிரலர் உள்ளடக்க வகையைச் சொல்லாவிட்டால், நூலகம் தானாக "இது எச்டிஎம்எல்" என்று முத்திரை குத்தி அனுப்பியது. பயனர் ஏற்றிய வெறும் எழுத்துக் கோப்பும் பக்கமாகிவிடும். 1.14.8, 1.15.1 பதிப்புகளில் சரிசெய்தார்கள். மற்றொன்று 2023-ல் வந்த சிவிஇ-2023-24538: எழுத்து விழும் இடத்தைப் பார்த்து அதற்கேற்ப எஸ்கேப் செய்யும் கெட்டிக்கார டெம்ப்ளேட் நூலகம், ஜாவாஸ்கிரிப்டின் பின்சாய்ந்த ஒற்றை மேற்கோளை மட்டும் சரம் தொடங்கும் குறியாகக் கணக்கில் எடுக்கவில்லை. 1.19.8, 1.20.3 பதிப்புகளில் வந்த திருத்தம் அதற்குள் எப்படி எஸ்கேப் செய்வது என்று யோசிக்கவே இல்லை. அப்படி எழுதினால் பிழை என்று திருப்பி அனுப்பிவிட்டது.

ஆர்டாக்கில் இருந்தே தொடங்குங்கள். 3.12 பதிப்பை நிறுவி, மெத்தட் ஒன்றே உள்ள ஒரு ரூபி கோப்புக்கு ஆவணம் தயாரித்து, வெளிவரும் கோப்புறையில் டார்க்ஃபிஷைத் திறந்து ஹைலைட் டார்கெட் என்ற ஃபங்ஷனைத் தேடினால் போதும். 3.12.1-ஐ வைத்து அதே ஆவணத்தை மறுபடி தயாரித்து இரண்டு கோப்புகளையும் டிஃப் கட்டளையில் ஒப்பிடுங்கள். அதற்கு முன் பைத்தான் சர்வரைக் கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்திவிடுங்கள். போர்ட் 8000 இன்னும் திறந்துதான் இருக்கிறது.